ரோபோ வேக்குவமா, கையில பிடிக்கிற ஸ்டிக் வேக்குவமா?

சிங்கப்பூர் எச்டிபி வீட்டுக்கு (அரசு அடுக்குமாடி வீடு) எது வாங்கலாம்னு குழம்புறவங்களுக்கு.

விலை: ஸ்டிக் 200, 300 வெள்ளிக்கே ஓரளவு நல்லதா கிடைக்கும். குப்பைய தானே காலி பண்ற டாக்கோட (ரோபோ போய் நின்னு சார்ஜ் ஆகுற பெட்டி) ரோபோ வேணும்னா பெரும்பாலும் அதுக்கு மேலதான்.

வேலை: ரோபோ கட்டிலுக்கு அடியில போயிடும், ஆனா பழைய வீட்டுல கிச்சனுக்கு ஒரு படி இருக்குமே, பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு அறை) வாசல் மேடு வேற, 2 சென்டிமீட்டருக்கு மேலன்னா பெரும்பாலான ரோபோ அங்கயே நின்னுடும். தரையில கிடக்கிற சார்ஜர் வயரையெல்லாம் முதல்ல நாமதான் எடுத்து வைக்கணும், அப்புறம் என்ன ஆட்டோமேட்டிக்கு! ஸ்டிக்னா சோபா, மெத்தை, ஃபேன் ரெக்கை வரைக்கும் இழுக்கலாம், ஆனா மேக்ஸ் மோடுல போட்டா பேட்டரி சீக்கிரம் காலி.

பராமரிப்பு: நீள முடி ரெண்டு பிரஷ்லயும்தான் சுத்திக்கும், கத்தரிக்கோல் வச்சு வெட்டித்தான் எடுக்கணும். சாமி ரூம்ல சிந்துற விபூதி, கோலமாவு ஃபில்டரையே அடைச்சிடும், அத துணியால தொடைச்சிடுங்க. ஃபில்டர் கழுவுறதா இருந்தா நல்லா காயவச்சு மாட்டுங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு நாத்தம் வந்துடும்.

ஆன்லைன்ல வாங்குனா சேஃப்டி மார்க் (மின்சாதனம் பாதுகாப்பானதுன்னு காட்டுற முத்திரை) இருக்கான்னு பாருங்க லா.

பகல்ல ஆளில்லாத, படி இல்லாத வீடுன்னா ரோபோ. குழந்தைங்க, பூனை, சோபால முறுக்குத்தூள்னா கண்ண மூடிக்கிட்டு ஸ்டிக்.