வாய் எரிச்சலோடு ஊருக்குப் போய்ப் பெற்றுவந்த நோயறிதல்

உறவினர்களைப் பார்ப்பதற்காகவே இம்முறை ஊருக்குப் போனேன் என்றாலும், மூன்று வார விடுமுறையில் நான்கு நாள்கள் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வாய்நோய்ப் பிரிவில் கழிந்தன. ஓராண்டுக்கும் மேலாகக் காரமோ புளிப்போ பட்டால் இடது கன்னத்தின் உட்புறம் எரிந்துகொண்டிருந்தது. நான் வசிக்கும் நாட்டில் பல் மருத்துவர் அந்தக் கன்னத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தைக் கொடுத்தார். பூஞ்சையின் வெண்படலம் துடைத்தால் பெரும்பாலும் உரிந்து வரும் என்பதையும், என்னுடையது உரியவில்லை என்பதையும் அப்போது நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை.

ஊரில் முதலில் போனது வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு. அங்கே விரைவாகவே பயாப்ஸி எடுத்தார்கள்; ஆனால் புண்ணின் நடுப்பகுதியிலிருந்து திசுவை வெட்டியதால், மேல்தோல் இல்லாத அந்தத் துண்டில் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. 'குறிப்பிட்ட தன்மையற்ற புண்' என்று மட்டுமே அறிக்கை வந்தது. என் விடுமுறையில் ஒரு வாரம் அதில் போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கல்லூரி மருத்துவமனையில் என்னைப் பார்த்த மருத்துவர் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தோடு நிற்கவில்லை. நாக்கின் ஓரங்கள், ஈறு, உதட்டின் உட்புறம் என்று பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைப் பிடித்து அவர் காட்டியபோது, எரிச்சலே இல்லாத அந்தக் கன்னத்திலும் மெல்லிய வெண்கோடுகள் வலைபோலப் பின்னியிருந்தன. 1895இல் இவற்றை விவரித்தவரின் பெயரால் விக்ஹாம் கோடுகள் என்கிறார்கள். இரு கன்னங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வருவதுதான் வாயின் லைக்கன் பிளானஸ் நோய்க்குரிய முக்கிய அடையாளம் என்றும், வலைக்கோடுகள் மட்டும் இருந்தால் பலருக்கு வலியே தெரியாது, தோல் மெலிந்து சிவந்தோ அரித்தோ புண்ணானால்தான் எரியும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மக்களில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இருக்கும் இந்நோய் நடுவயதைத் தாண்டியவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. உடலின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் வாய்த்தோலின் அடியடுக்குச் செல்களைத் தாக்குவதால் வருவது என்பதால், யாருக்கும் தொற்றாது. குடும்பத்தில் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி அதுதான்.

இந்நோய் வாய்க்கு வெளியேயும் வரக்கூடும் என்பதால், பின்னர் மணிக்கட்டு, நகம் ஆகியவற்றைப் பார்த்தார். பிறப்புறுப்பில் எரிச்சல் உண்டா என்பதைத் தனி அறையில் ஒரு பெண் மருத்துவர் கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெண்கள் தாமாகச் சொல்லத் தயங்குவது என்பதால் மருத்துவர்களே கேட்பது மிக அவசியம் என்று கருதுகிறேன். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வலி மாத்திரைகளும், கன்னத்தில் உரசும் அமால்கம் என்ற உலோகக் கலவைப் பல் அடைப்பும் இதே தோற்றத்தை உண்டாக்கக்கூடும் என்பதால் என் மருந்துப் பட்டியலையும் பல் அடைப்புகளையும் சரிபார்த்தார்கள். இந்நோயோடு சேர்ந்து சிலருக்குக் காணப்படும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் சி-க்கான பரிசோதனையும் செய்தார்கள்.

இரண்டாம் பயாப்ஸியில் புண்ணை விட்டு விலகி, கோடுகள் இருந்த இடத்தில் இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். ஒன்று, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போனது. மற்றொன்று, பெம்பிகஸ் போன்ற கொப்புள நோய்களை விலக்கும் ஒளிர்வுச் சோதனைக்காக வேறொரு திரவத்தில் போனது. ஃபார்மலினில் போட்ட துண்டு இந்தச் சோதனைக்கு உதவாது. மேல்தோலுக்கு அடியில் பட்டையாக லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள், சிதைந்த அடியடுக்கு, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் எதுவுமில்லை என்று முடிவு வந்த பிறகே ஸ்டீராய்டு களிம்பு தொடங்கினார்கள். அதனால் பூஞ்சை வளரலாம் என்று எச்சரிக்கவும் செய்தார்கள். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. எரிச்சலை அடக்கத்தான் முடியும். நூறு நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவருக்குக் காலப்போக்கில் வாய்ப்புற்று வரக்கூடும் என்பதால், எரிச்சல் அடங்கினாலும் ஆண்டுக்கணக்கில் சோதனைக்குப் போகவேண்டும்.

மூன்று வாரத்தில் திரும்பிவிடும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் சிக்கல். ஆகவே அறிக்கையோடு, திசுக் கண்ணாடித் தகடுகளையும் வாயின் ஒவ்வொரு பகுதியின் புகைப்படங்களையும் கேட்டு வாங்கினேன், மறுக்காமல் தந்தார்கள். திரும்பி வந்தபின் என் பழைய பல் மருத்துவர் அந்தப் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு, என் வலது கன்னத்தை முதன்முறையாகப் பார்த்தார்.