நாக்கில் எடுக்கும் டிபி ஸ்வாப்: எதற்கு ஆகும், எங்கே சறுக்கும்

காசநோய் சந்தேகம் என்றதும் லேபில் முதலில் கேட்பது சளி. கொடுக்க முடியாதவர்கள் நிறையப் பேர்: சின்னக் குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், இருமக்கூடத் தெம்பில்லாமல் இளைத்துப் போனவர்கள். டப்பாவை நீட்டினால் எச்சில்தான் வரும். இவர்களுக்காக வந்த மாற்றுதான் நாக்கில் தேய்த்து எடுக்கும் ஸ்வாப், அதாவது தலையில் இழை உள்ள குச்சி. நைலான் இழை ஒட்டிய ஸ்வாப்பும் (கோபான் நிறுவனத்தின் ஃப்ளாக்ஸ்வாப் போன்றது) கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்தில் போடும் அல்ட்ரா கார்ட்ரிட்ஜும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இந்த விமர்சனம்.

நோய் இருப்பது நுரையீரலில். ஆனால் இருமலோடு மேலே வருவது நாக்கின் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்கிறது. கன்னத்தின் உள்பக்கத்தைவிட நாக்கில்தான் கிருமியின் டிஎன்ஏ அதிகம் கிடைக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம். அது உறிஞ்சியதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நைலான் இழைகள் பிரஷ் போல நிமிர்ந்து நிற்பதால், எடுத்ததைத் திரவத்தில் விட்டுவிடும்.

சாப்பிட்டோ, தண்ணீர் குடித்தோ, பல் தேய்த்தோ, வெற்றிலை போட்டோ 30 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் பல் தேய்க்கும் முன்பே எடுத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொல்லி, பின்பக்கத்திலிருந்து நுனி நோக்கி, குச்சியை உருட்டிக்கொண்டே 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். குமட்டுமே என்று நுனியை மட்டும் தொட்டுவிட்டு எடுப்பதுதான் பெரிய தப்பு. எடுத்த குச்சியைப் பாருங்கள். தலையில் மாவு போல வெள்ளைப் பூச்சு தெரிய வேண்டும். வெறும் ஈரம்தான் என்றால் இன்னொரு குச்சியை எடுப்பதே நல்லது. எடுக்கும்போது ஆள் இருமிவிடலாம், ஆகவே என்95 மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம்.

லேபில் இதைக் கையாள ஒரு வழி, குச்சியின் தலையைத் திருகு மூடி உள்ள குழாயில் டிஇ பஃபரில் (டிஎன்ஏவைக் கெடாமல் வைக்கும் கரைசல்) முக்கி, 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குவது. அமுக்கு மூடிக் குழாய் சூட்டில் திறந்துகொள்ளும். ஆறிய பிறகு குச்சியைக் குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து எடுத்து, திரவத்தை 2 மி.லி.யாக்கி, குமிழி இல்லாமல் கார்ட்ரிட்ஜில் விட வேண்டும். மொத்தம் 3 மி.லி. ஆகிவிட்டால் 1 மி.லி. குழாயிலேயே தங்கிவிடும், அதிலிருந்த கிருமியும் அதோடு போகும். சளியில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஸ்வாப்பில் இருப்பதே சொற்பம்.

இந்த முறையின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜுக்குள் எஸ்பிசி என்றொரு கட்டுப்பாட்டுப் பொருள் உண்டு. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்ததா என்பதை மட்டும்தான் அது சொல்லும். குச்சி நாக்கைத் தொட்டதா என்பது அதற்குத் தெரியாது. உறையிலிருந்து எடுத்த புதுக் குச்சியைப் போட்டாலும் எஸ்பிசி தேறிவிடும், “எம்டிபி (காசநோய்க் கிருமி) இல்லை” என்றுதான் வரும். சளி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாலே எச்சிலா சளியா என்று டெக்னீசியன் சொல்லிவிடுவார். பஃபரில் முக்கிய குச்சியைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது. ஆகவே முடிவின் தரம் குச்சி பிடித்த கையைப் பொறுத்தது.

உகாண்டாவின் கம்பாலாவில் அல்ட்ராவோடு நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், நோய் உறுதியானவர்களில் சுமார் 78% பேரை நாக்கு ஸ்வாப் பிடித்தது. பொய்யான பாசிட்டிவ் ஒன்றுகூட இல்லை. அதாவது பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவை அப்படி நம்ப முடியாது. தவறுவது பெரும்பாலும் சளியிலேயே கிருமி குறைவாக உள்ளவர்களிடம். அதே காரணத்தால் ஸ்வாப்பில் “டிரேஸ்”, அதாவது கிருமி மிகச் சொற்பம் என்ற முடிவும் அடிக்கடி வரும். டிரேஸ் என்றால் டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு உண்டா இல்லையா என்று சொல்லவே சொல்லாது, அதற்குச் சளியோ வேறு மாதிரியோ வேண்டும். முன்பே டிபி மருந்து சாப்பிட்டவருக்கு டிரேஸ் வந்தால் அது செத்த கிருமியின் டிஎன்ஏவாகவும் இருக்கலாம். எக்ஸ்-ரேவையும் அறிகுறியையும் சேர்த்துப் பார்க்காமல் மருந்து தொடங்குவது சரியல்ல.

செலவைப் பொறுத்தவரை, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு அல்ட்ரா கார்ட்ரிட்ஜின் விலை 2023 செப்டம்பரில் 7.97 டாலராகக் குறைக்கப்பட்டது. நாக்கில் எடுத்தாலும் சளியில் எடுத்தாலும் கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான், மிச்சம் எதுவும் இல்லை.

சளி தர முடியாத பெரியவர்களுக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். சளி வருகிறவருக்கு, வேலை சுலபம் என்பதற்காக ஸ்வாப் எடுப்பதானால் 2-க்கு மேல் கிடையாது. குழந்தைகளிடம் கிருமி குறைவு என்பதால் ஸ்வாப் நெகட்டிவ் ஆனாலும் அங்கே நிறுத்தாமல், மலத்தையோ இரைப்பை நீரையோ அல்ட்ராவில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.