மரபணு மாற்ற விதையா, சேமித்த மரபு விதையா?

செலவு: காப்புரிமை பெற்ற மரபணு மாற்ற விதையைப் பருவந்தோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும், மரபு விதையோ, நன்கு முற்றிய கதிரைத் தேர்ந்தெடுத்து, ஈரம் போக உலர்த்தி வைத்தால் அடுத்த விதைப்புக்கு ஆகிவிடும்.

உரிமை: என் பெருங்கவலை இங்கேதான். காப்புரிமை பெற்ற சோயாவைப் பயிரிட்டு, அதில் விளைந்ததையே எடுத்து மறுபடி விதைத்த விவசாயி மீது அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2018இல் அந்நிறுவனத்தையே ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வாங்கியதால், விதைச் சந்தை மேலும் சில கைகளுக்குள் சுருங்கியது.

பூச்சி: புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பிடி பருத்தி, தொடக்கத்தில் காய்ப்புழுவை நன்றாகவே தடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தியாவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. மரபு விதைக்கு அந்தக் கவசம் தொடக்கத்திலிருந்தே இல்லை.

புழுத் தாக்குதல் கடுமையாக உள்ள, விதைச் செலவைத் தாங்கக்கூடிய பெரும் பண்ணைக்கு முன்னது பொருந்தலாம். கடன்படாமல் பயிரிட விரும்பும் சிறு விவசாயிக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன்.