எட்டுப் பக்க அறிக்கையும் செவலையும்: ஒரு காப்பகத்தின் மதிப்பீட்டுச் சேவை குறித்து

தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் நாயை விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து தத்தெடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயரிட்டோம். நாயோடு சேர்த்து, அதன் உடல்நலத்தையும் நடத்தையையும் மதிப்பிட்டு எழுதிய எட்டுப் பக்க அறிக்கை ஒன்றையும் காப்பகத்தார் கொடுத்தனுப்பினர். காப்பகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இடத்தின் துப்புரவையும் ஊழியர்களின் கனிவையும் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். இரண்டிலும் எங்களுக்குக் குறையில்லை. நான் இங்கே எழுத வந்தது அந்த அறிக்கையைப் பற்றி மட்டுமே. அதில் எந்த வரி நிலைத்தது, எந்த வரி பொய்த்தது என்பதை இதற்குள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

உடல்நலப் பகுதி பெரும்பாலும் நம்பத்தக்கது. சேர்த்த அன்றே ஒரு பரிசோதனையும், இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்திருந்த பிறகு மற்றொன்றும் செய்திருந்தார்கள். குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றிய நாயிடம் அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களுக்குள்ளும், சில வேளைகளில் 14 நாட்கள் வரை தாமதித்தும் தெரியவரும் என்பதால் அந்த இரண்டு வாரம் வெறும் சம்பிரதாயம் அன்று. டிஸ்டெம்பர் என்ற மற்றொரு வைரஸ் நோய் அதைவிடத் தாமதமாகவும் வெளிப்படக்கூடும் என்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணிலும் மூக்கிலும் சளி வடிகிறதா என்று கவனிக்கும்படி எழுதியிருந்தது.

இரண்டாம் பரிசோதனையின்போது நாங்களும் அறையில் இருந்தோம். மருத்துவர் செவலையின் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரல் நுனியால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடத்தில் நிறம் திரும்புவதை வாய்க்குள்ளேயே எண்ணினார். 2 நொடிக்குள் திரும்பினால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று பொருள். பிறகு காதின் உள்மடிப்பையும் கால்விரல் இடுக்குகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்; முதல் நாளில் உண்ணிகள் மிகுதியாக இருந்தது அங்கேதானாம். அந்த முதல் நாள் பதிவில் உடல் வெப்பம் 39.8 டிகிரி செல்சியஸ், ஈறு வெளிறியது, உடற்கட்டு ஒன்பதுக்கு மூன்று, அதாவது மெலிவு, என்று இருந்தது. ஆரோக்கியமான நாயின் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 வரை என்ற குறிப்பையும் பக்கத்திலேயே எழுதியிருந்ததால் எங்களைப் போன்றவர்களுக்கும் புரிந்தது. இரத்தப் பரிசோதனையில் உண்ணி வழியாகப் பரவும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாத் தொற்று தெரியவந்து, 28 நாட்கள் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை தேடுவது நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்பொருளை என்பதால் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் நோய் இருப்பதாகவே காட்டக்கூடும், ஆகவே இந்நோயில் குறையும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள் என்ற ஒரு வரியும் இருந்தது. அந்த வரி இல்லாதிருந்தால் எங்கள் மருத்துவரிடம் வீணாகப் பதறியிருப்போம்.

வயதை எழுதிய விதமும் எனக்குப் பிடித்தது. நாய்க்கு 42 நிலைப்பற்களும் ஏறத்தாழ ஏழு மாதத்தில் முளைத்துவிடுகின்றன. அதன் பிறகு பல்லின் தேய்மானத்தையும் அதில் படியும் காரையையும் வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தெருவில் கண்டதைக் கடித்து வளர்ந்த நாயின் பல் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், ‘ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் இருக்கலாம்’ என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள்.

இவ்வளவு கவனமாக எழுதியவர்கள் இதயப்புழுப் பரிசோதனையில் மட்டும் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியதுதான் என் முதல் மனக்குறை. அந்தப் பரிசோதனை வளர்ந்த பெண்புழு வெளியிடும் புரதத்தையே கண்டறிகிறது. கொசுக்கடியால் உட்புகுந்த புழு அந்த நிலையை எட்ட ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். தெருவில் கழிந்த கடைசி சில மாதங்களில் தொற்றியிருந்தால் சேர்த்த அன்று எடுத்த இரத்தத்தில் அது தென்படவே தென்படாது. ‘இன்று தென்படவில்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கவும்’ என்று எழுத இன்னும் அரை வரி போதும். அதை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் மருத்துவர்.

நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் விஷயத்திலும் இதே போன்ற ஒரு சிறு சறுக்கல் உண்டு. முன்பே யாரேனும் பொருத்திய சிப் இடம் பெயர்ந்திருக்கக்கூடும் என்பதால் கழுத்திலிருந்து முன்னங்கால் வரை கருவியை நகர்த்திப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லாததால் புதிதாக ஒன்றைப் பொருத்தினார்கள். அந்த 15 இலக்க எண்ணை எங்கள் பெயரில் பதிவு செய்யும் பொறுப்பு எங்களுடையது என்பதோ, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

நடத்தைப் பகுதிக்கு வருகிறேன். வந்த இரண்டாம் நாளிலேயே, செவலை உண்டுகொண்டிருந்த தட்டை நீண்ட கோலில் பொருத்திய பிளாஸ்டிக் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடல் விறைத்தது, விரைந்து விழுங்கியது, தாழ்ந்த குரலில் உறுமியது. விளைவாக, ‘உணவைக் காக்கும் குணம்: உண்டு’ என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறி. காப்பகத்துக்கு வரும் நாயின் உடலில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசாலின் அளவு முதல் மூன்று நாட்களில் பிந்தைய நாட்களைவிட உயர்ந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. காய்ச்சலும் பசியும் புதிய இரைச்சலும் சூழ்ந்த நாயிடமிருந்து தட்டைப் பிடுங்கினால் உறுமாமல் வேறென்ன செய்யும்? இத்தகைய காப்பகச் சோதனைகளின் கணிப்பு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானதன்று என்று கேரி பேட்ரோனெக்கும் ஜேனிஸ் பிராட்லியும் 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அறிக்கைக்கு மதிப்புக் கொடுத்துத் தனி அறையில்தான் உணவு வைத்தோம். மூன்றாம் வாரத்தில், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப நான் குனிந்தபோது, செவலை தட்டிலிருந்து தலையைத் தூக்கி, வாலை இருமுறை ஆட்டிவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்கியது. இன்றுவரை உறுமல் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான பிழை அடுத்த கட்டத்தில் இருந்தது. ‘குழந்தைகளுடன்: பொருந்தும்’ என்ற குறிப்பைக் கண்டு, எந்த வயதுக் குழந்தை உடனிருந்தது என்று கேட்டேன். குழந்தை இல்லை, ஆளுயரப் பொம்மை என்று பதில் வந்தது. பொம்மை ஓடாது, கத்தாது, வாலைப் பிடித்து இழுக்காது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். தனியாக விட்டால் என்ன செய்யும் என்ற வரி வெறுமையாக விடப்பட்டிருந்ததை நான் குற்றமாகக் கருதாததும் அதனால்தான். எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் அதை அவர்கள் எப்படி அறிவார்கள்? வந்த முதல் வாரத்தில் எங்கள் வாசற்கதவில் விழுந்த நகக்கீறல்கள் அந்த வெறும் வரியை நிரப்பின.

இந்த அறிக்கையிலேயே மதிப்பு வாய்ந்தது ஏழாம் பக்கம். அதில் கட்டங்களும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. கூண்டைக் கழுவி உணவு வைத்த பணியாளர் ஒருவர் நாள்தோறும் கையால் எழுதிய குறிப்புகள் மட்டுமே. ‘தலைக்கு மேலாகக் கை நீட்டினால் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது, பக்கவாட்டில் உட்கார்ந்து தாழ்வாக நீட்டினால் முகர வருகிறது.’ ‘துடைப்பத்தை எடுத்தால் மூலைக்குப் போகிறது. ஒன்பதாம் நாள், தரையில் கிடந்த துடைப்பத்தைத் தானே வந்து முகர்ந்தது.’ எங்கள் வீட்டில் முதல் நாளே துடைப்பத்தைத் தரையில் கிடத்தி வைத்தோம், யாரும் தலைக்கு மேல் கை கொண்டுபோகவில்லை. அந்தக் குறிப்புகளில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. எழுதியவர் நடத்தையியல் படித்தவரா என்று தெரியாது. ஆனால் கண்டதை எழுதினார், கண்ட நாளையும் எழுதினார்.

தடுப்பூசித் தேதிகளும் கருத்தடைத் தையல் பற்றிய குறிப்புகளும் சரியாகவே இருந்தன. தத்தெடுத்த பிறகு இருமுறை அவர்களாகவே அழைத்து விசாரித்தார்கள். உடல்நலப் பகுதிக்கு ஐந்துக்கு நான்கு, சரிக்குறிக் கட்டங்களுக்கு ஒன்று, ஏழாம் பக்கத்துக்கு முழு மதிப்பெண் என்பது என் கணக்கு. நாயைத் தேர்ந்தெடுக்கச் செல்பவர்கள் அத்தகைய பக்கம் ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், கூண்டுக்கு உணவு வைப்பவர் யார் என்று கேட்டு அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். செவலைக்கு இதயப்புழு மறுபரிசோதனை வரும் வாரம். முடிவு வந்ததும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.