லாட்ஜா, ஸ்மித்தியா? தோசை சுட இரும்புக்கல் வாங்கிய கதை

அட்லாண்டாவுக்குக் கிளம்பிய அன்று பெட்டியில் எடை மிஞ்சிவிட்டது. அம்மா பழக்கிவைத்த தோசைக்கல் விமான நிலையத்திலிருந்தே வீடு திரும்பியது. அதற்கு ஈடாக இங்கே தேடியதில் கடைசியாக நின்றவை இரண்டு வார்ப்பிரும்புப் பாத்திர நிறுவனங்கள். ஒன்று டென்னசி மாநிலம் சவுத் பிட்ஸ்பர்க்கில் 1896-இல் தொடங்கிய லாட்ஜ். மற்றது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 2015-இல் தொடங்கிய ஸ்மித்தி. இரண்டையும் செய்தவர்களிடமே நேரடியாக வாங்கலாம். நான் லாட்ஜ் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

விலையில் பேச்சே இல்லை. பத்தங்குல லாட்ஜ் வாணலி சுமார் முப்பது டாலர், ஸ்மித்தி நூற்றைம்பதுக்கு மேல். கனம் இரண்டுமே கனம். அழகில் ஸ்மித்திதான், செம்பு மினுமினுப்போடு மேசையிலேயே வைக்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது கல்லைப் பழக்கும் வேலை. மணல் அச்சில் உருக்கிய இரும்பை ஊற்றுவதால் வார்ப்பில் மணலின் சொரசொரப்பு தங்கும். லாட்ஜ் அதை அப்படியே விட்டு, சோயா எண்ணெய் தெளித்துச் சூளையில் சுட்டு அனுப்புகிறது. ஸ்மித்தியோ கிரிஸ்வோல்டு என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தின் வாணலிகளைப்போல உட்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, திராட்சை விதை எண்ணெயில் பழக்குகிறது. கல்லில் ஒட்டாமல் காப்பது எண்ணெய் சூட்டில் இறுகி உண்டாகும் கருப்புப் படலம். சொரசொரப்பில் அது பல் பதித்துப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பில் நிலைக்கக் கூடுதல் பொறுமை வேண்டும். தக்காளித் தொக்கும் புளிக்குழம்பும் புழங்கும் நம் சமையலறையில் படலம் அரிபடாமல் இருக்காது. அதனால் திரும்பப் பழக்க எவ்வளவு பாடு என்பதுதான் எனக்குக் கணக்கு.

ஒரு முறை என் சோம்பலால் லாட்ஜ் இரவு முழுக்க சிங்க்கில் ஊறியது. காலையில் செம்மண் நிறத்தில் துரு. இரும்பு நாரால் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, துணியில் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்து, ஓவனில் ஒரு மணி நேரம். இப்படி இரண்டு சுற்று. பிறகு அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்து ஊற்றினேன். முதல் தோசை வழக்கம்போலக் கல்லுக்கு, இரண்டாவது தட்டுக்கு வந்துவிட்டது. நூற்றைம்பது டாலர் கல்லாக இருந்தால் இவ்வளவு தைரியமாகத் தேய்த்திருப்பேனா, சந்தேகம்தான்.

ஸ்மித்தியை நண்பர் வீட்டில் நாலைந்து முறை புழங்கியதோடு சரி. வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆனால் ஆம்லெட் அதில் வழுக்கிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். மாவு இழுக்கும்போது கரண்டியும் தடங்காமல் ஓடியது. லாட்ஜில் முதல் ஆறு மாதம் கரண்டி கரகரவென்று இழுபடும். முட்டைதான் அன்றாடம், பணமும் இருக்கிறது என்றால் ஸ்மித்தியே வாங்குங்கள்.

லாட்ஜ் எடுப்பவர்கள் சாட்டனூகா பக்கம் போனால் சவுத் பிட்ஸ்பர்க்கில் அவர்களின் சொந்தக் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கையில் தூக்கி, புரட்டிப் பார்த்து எடுக்கலாம். நான் அங்கேதான் எடுத்தேன். வீடியோவில் காட்டியதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "இவ்ளோ உசரம் விளிம்பு வச்சிருக்கானே, தோசைத் திருப்பியை எப்படிடா உள்ள விடுவே?"

அடுத்த முறை போனபோது லாட்ஜின் பத்தரை அங்குல வட்டக்கல்லையும் வாங்கி வந்தேன். அதில் விளிம்பு பெயருக்குத்தான்.