வயதான பூனையை யாரிடம் விட்டுப் போவது?

எங்கள் வீட்டில் இரண்டு நாட்டுப் பூனைகள். கருப்பிக்கு 13 வயது, அவள் மகன் சுண்டுவுக்கு 11. ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போய்ச் சில மாதம் தங்கிவிட்டு, அப்புறம் ஊர் ஊராகச் சுற்றுவதாகத் திட்டம். எங்களுக்கு அது இரண்டு வருஷம்தான். கருப்பிக்கோ மிச்ச ஆயுளே அவ்வளவாக இருக்கலாம். அதனால் 'நாம் வரும்வரை யார் பார்த்துக்கொள்வார்கள்' என்று தேடுவதை விட்டுவிட்டு, 'கடைசிக் காலத்தில் இவை யாருடன் இருக்கும்' என்று தேடினோம்.

கூடவே கூட்டிப் போகலாமா? ஒரே ஊரில் குடியேறுகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் முதலில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. மாதம் ஒரு வீடு மாறும் பயணத்தை ஒரு கிழட்டுப் பூனையால் தாங்க முடியாது. பூனைக்குத் தன் வாசனை படிந்த இடம்தான் தைரியம்.

பணம் கட்டி விடும் போர்டிங், பத்து நாள் கல்யாணத்துக்குப் போய்வரச் சரி. வருஷக் கணக்கில் கூண்டு வாசம் கொடுமை. பதற்றத்தில் பழைய சளிக் கிருமி மறுபடி தலைதூக்கும், புதுப் பூனைகளிடமிருந்தும் தொற்றும்.

விலங்குக் காப்பகங்களில் அடிபட்டதும் அநாதையானதும் நிறைந்திருக்கும். தத்தெடுக்க வருகிறவர்களும் பெரும்பாலும் குட்டியைத்தான் கேட்பார்கள். யாருமே இல்லாதவர்களுக்கு மட்டும் அந்தக் கதவு. மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு உறவினர் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பசித்துக் கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

உண்மையான போட்டி கடைசி இரண்டு வழிகளுக்குள்தான். ஒன்று, எங்கள் வீட்டிலேயே பூனைகளை விட்டு, பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரைக் குடிவைப்பது. இடம் பழையது, ஆள் புதிது. இன்னொன்று, எதிர்வீட்டு அக்கா. ஆள் பழையவர், இடம் புதிது. முதலில் நான் வீட்டின் பக்கம்தான் சாய்ந்தேன். என்னை மாற்றியது கருப்பியின் சிறுநீரகம். வயதான பூனைகளுக்கு அது சகஜமாக வரும் கோளாறு. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, எடை குறைகிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பூனை சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழகாத ஒருவர் 'எங்கேயாவது தூங்கும்' என்று விட்டுவிடுவார். தட்டில் நாலு வாய் மிஞ்சினாலே அக்காவுக்குத் தெரிந்துவிடும். இடம் பழகிவிடும், கவனிக்கும் கண்ணை அவசரத்துக்கு உண்டாக்க முடியாது. அக்காவிடமே விடுவது என்று முடிவானது.

தாயையும் மகனையும் பிரிக்கவில்லை. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே கொண்டுபோய் விட்டோம், துவைக்காத எங்கள் போர்வையோடு, அதே மணல் பெட்டியோடு. முதலில் ஒரே அறை மட்டும். கருப்பி அன்று முழுக்கப் பீரோ அடியிலேயே இருந்தாள். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் வெளியே வந்து, வேகவைத்த மத்தியைக் காலி செய்திருந்தாள்.

மருத்துவச் செலவுக்கு அக்கா பெயரில் தனியாகப் பணம் போட்டிருக்கிறோம். மருந்துச் சீட்டெல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. கடைசியாக ஒன்றையும் எழுதிக் கொடுத்தோம்: வலி தாங்க முடியாத நிலை வந்தால் எங்கள் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம், டாக்டரோடு பேசி அக்காவே முடிவெடுக்கலாம். திரும்பி வந்ததும் பூனைகளைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்றும் சொன்னோம். அக்கா அதற்குப் பதில் சொல்லாமல் சுண்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.