17,400 ரூபாய்க்கு ஒரு ஸ்பீக்கர் செட்டு: நான்கு வருடம் கேட்ட பிறகு

ஸ்பீக்கர் பார்க்கப் போனால் நான் முதலில் போடச் சொல்வது நாகஸ்வரம். மட்டமான ஸ்பீக்கரில் அது கீச்சென்று காதைக் குத்தும். கூட வரும் தவில் அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி இருக்கும். கடையில் போட்டுக் காட்டும் டெமோ பாட்டில் இந்தக் குறை வெளியே தெரியாது. பேஸ் நெஞ்சில் அதிர்ந்தால் வாங்க வந்தவர் மயங்கிவிடுவார். நெல்லையப்பர் கோயிலிலும் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவிலும் பத்தடி தள்ளி நின்று மேளம் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படி மயங்க வேண்டிய தேவையே இல்லை. அசல் சத்தம் நம் காதிலேயே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

2019 இல் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு சவுண்ட்பார் வாங்கினேன். சினிமாவுக்குப் பரவாயில்லை. பாட்டு என்று வந்தால் குரல் மெலிந்துபோய், அதன் மேல் பேஸ் மட்டும் குமுறிக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, தனி ஸ்பீக்கர், தனி ஆம்ப்ளிஃபயர் என்று தேட ஆரம்பித்தேன். 2021 செப்டம்பரில் சேர்த்த செட்டைத்தான் இன்றும் தினமும் கேட்கிறேன். வீடு திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில். பாட்டு கேட்கும் அறை 14 அடிக்கு 12 அடி, மொசைக் தரை, வெறும் சுவர், ஒரு மூலையில் இரும்பு பீரோ. நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் அறைதான்.

ஸ்பீக்கர் வார்ஃப்டேல் டயமண்ட் 9.1. புதிது இல்லை, நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஜோடி 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். மகன் வீட்டுக்குக் குடிபோகிறார், பொருட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார். பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது பார்க்க வேண்டியது முக்கியமாக வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பைச் சுற்றி இருக்கும் வளையம். அது ரப்பர் என்றால் பயமில்லை. ஃபோம் என்றால் நம் ஊர் ஈரக் காற்றில் பத்துப் பதினைந்து வருடத்தில் மக்கிவிடும், விரல் பட்டாலே மாவு மாதிரி உதிரும். அப்புறம் நான்கு விரலையும் சமமாக வைத்து கூம்பை மெதுவாக உள்ளே அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே கரகரவென்று உரசினால் சுருள் கெட்டிருக்கிறது, வேண்டாம் என்று வந்துவிடலாம். என்னுடையதில் ரப்பர் வளையம், உரசல் எதுவும் இல்லை. விற்றவரே பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தேன்.

வார்ஃப்டேல் கம்பெனியைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் என்பவரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1932 இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தன் வீட்டு நிலவறையில் முதல் ஸ்பீக்கரைச் செய்தவர். 1954 இல் லண்டனில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு நிகழ்ச்சி வைத்தார். மேடையில் கலைஞர்கள் வாசிப்பார்கள், அடுத்து அதே இசையை ஸ்பீக்கரில் போடுவார்கள், கூட்டம் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கும். தான் செய்த பொருளை அசல் வாசிப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் காட்டத் துணிந்த மனிதர். நாம் வீட்டில் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர் 5,200 ரூபாய், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கிளாஸ்-டி வகை, உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப். பெட்டியின் மேல் 'பக்கத்துக்கு 100 வாட்' என்று அச்சடித்திருந்தது. கூடவே கொடுத்த அடாப்டர் 24 வோல்ட், 4.5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், மொத்தமே 108 வாட். அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் நூறு நூறு எப்படி வரும்? சிப் செய்தவர்களே 4 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 50 வாட் என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் ஒலி 10 சதவீதம் சிதையும் நிலையில். பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள்.

ஆனால் வாட் குறைவு என்று கவலைப்படவும் தேவையில்லை. என் ஸ்பீக்கர் 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும். எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நமக்கு அது கொஞ்சம் குறைந்து வந்தாலும், பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு சத்தம்தான். சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவே 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். அதற்காக இன்னும் பத்தாயிரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. ஃபோனின் டைப்-சி துளையில் செருகும், டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றும் சின்ன டிஏசி 900 ரூபாய். முதலில் புளூடூத்தில் கேட்டேன். கம்பிக்கு மாறியதும் ஜால்ராவின் ஓசை தேய்ந்து தேய்ந்து அடங்குவது கடைசி வரை கேட்டது, அப்புறம் புளூடூத் பக்கமே போகவில்லை. ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பத்து மீட்டர் 600 ரூபாய், எலெக்ட்ரிகல் கடையில் வாங்கியது. மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் ஸ்பீக்கர் ஒயர் இந்த வீட்டுக்குத் தேவையே இல்லை.

இனி அறை. நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான்.

வந்த அன்று ஸ்பீக்கரை ஆளுக்கொரு மூலையில், சுவரை ஒட்டி மேஜை மேல் வைத்தேன். தவிலின் தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கமான தொப்பியில் அடி விழுந்தபோதெல்லாம் அறையே 'பூம்' என்றது. போதாக்குறைக்கு பீரோ கதவு கிடுகிடுவென்று அதிர்ந்தது. காசை வீணாக்கிவிட்டோமோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விஷயம் என்னவென்றால், இரண்டு சுவருக்கு நடுவில் சில தாழ்ந்த ஒலிகள் அங்கேயே மோதி மோதி வீங்கும். 14 அடி நீளத்துக்கு அது சுமார் 40 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47. மூலையில் வைத்தால் அந்த வீக்கம் உச்சத்துக்குப் போகும். மறுநாள் மூலையைவிட்டு எடுத்து, பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தினேன். அதே பாட்டு, அதே செட்டு. பூம் போய் தொப்பியின் தோல் சத்தம் தனியாகக் கேட்டது. செலவு ஒரு பைசா இல்லை. பீரோ கைப்பிடிக்கு அடியில் மடித்த துணியைச் செருகியதும் கிடுகிடுப்பும் நின்றது.

அடுத்தது உயரம். உயர்ந்த ஒலி தரும் சின்ன வட்டமான ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் 24 அங்குலம், சோபாவில் உட்காருகிறவர்களுக்கு என்று அளந்தவை. எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பது பாயில் உட்கார்ந்து, காது தரையிலிருந்து இரண்டேகால் அடியில் இருக்கும். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் இரண்டு ஹாலோ பிளாக் கேட்டேன், ஒன்று 50 ரூபாய். நிறுத்திவைத்தால் சரியாக 16 அங்குலம். மேலே பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு ஸ்பீக்கரை வைத்தேன். அசையாது, அதிராது. பார்க்க அழகாக இல்லை என்று அம்மாவுக்குக் குறை இருந்தது, இப்போது அதற்கு ஒரு பூத்துணி போர்த்திவிட்டார்.

மூன்றாவது எதிரொலி. வெறும் சுவர் அறையில் கையைத் தட்டினால் 'டிங்' என்று ஒரு வால் கேட்கும். நாகஸ்வரம் காதைக் குத்துவதற்கு அந்த வாலும் ஒரு காரணம். வீட்டில் இருந்த பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. அவ்வளவு மெல்லிய நெசவு சத்தத்தை உறிஞ்சாது. கனமான பொருள் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்தேன், தரையில் தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன், ஒரு சுவரில் புத்தக அலமாரியை நகர்த்தினேன். கை தட்டினால் இப்போது 'டப்' என்று நின்றுவிடுகிறது. பகலில் மெத்தை சுவரோரம், இரவில் கட்டிலுக்கு. எங்களுக்கு அது பழகிவிட்டது.

இதெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய பதிவு ஒன்றைப் போட்டேன். 1964 இல் மறைந்துவிட்டவர், நம் ஜில்லாக்காரர். அம்மா சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் அவரை நேரில் கேட்டிருக்கிறார். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையில் கத்தியோடு வந்து வாசற்படியில் நின்றார். ஆலாபனை முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எய்யா, இதுல மூச்சு கேக்குடா." உண்மைதான். சுரம் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அந்தப் பதிவை நான் ஃபோனில் நூறு முறை கேட்டிருப்பேன், அது காதில் விழுந்ததே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்ல ஸ்பீக்கர் பதிவின் குறையையும் காட்டிக்கொடுக்கும். இணையத்தில் யாரோ தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றியதைப் போட்டால் இரைச்சல்தான் முன்னால் வரும். அதே சமயம் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளை நல்ல தரத்தில் போட்டால், பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போவது தெரியும். அதைக் கேட்ட நாளிலிருந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி கேட்டு வருகிறேன்.

நான்கு வருடத்தில் வந்த தொல்லைகள். முதல் கோடையிலேயே அடாப்டர் சூடாகிச் செத்தது. 1,100 ரூபாய்க்கு வேறு நல்லதாக வாங்கினேன், அது இன்றும் ஓடுகிறது. ரிப்பேர் கடை அண்ணாச்சி சொன்னபடி ஆம்ப்ளிஃபயரை அலமாரிக்குள் அடைக்காமல் காற்றுப் படும்படி வைத்திருக்கிறேன். ஒயர் முனையில் செம்பு கறுத்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுகிறேன். ஸ்பீக்கரின் காற்று ஓட்டைக்குள் பல்லி புகுந்து முட்டையிட்டிருந்தது. கொசுவலைத் துண்டு ஒட்டியதும் அது தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

பெரிய இழப்பு 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்த நாட்கள். ஸ்பீக்கர் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரையும் பரணில் ஏற்றிவிட்டேன். அதற்கு முந்தின வருடம் 6,500 ரூபாய்க்கு வாங்கிய, ஆழ்ந்த பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் மட்டும் கனம், கட்டில் மேல் வைத்தேன். தண்ணீர் கட்டிலுக்கு மேலே வந்தது. வடிந்தபிறகு பார்த்தால் எம்டிஎஃப் பலகை டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி வீங்கி, மூலைகள் பிளந்து கிடந்தது. மர நாரையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது, தண்ணீர் பட்டால் திரும்பாது. தெரு முழுக்க இதைவிடப் பெரிய இழப்புகள் இருந்ததால் அப்போது அதைப் பற்றி நினைக்கவே இல்லை. பொங்கல் கழிந்துதான் செட்டை மறுபடி பூட்டினேன். சப்வூஃபர் இல்லாமல், ஸ்பீக்கரை அரையடி சுவர்ப் பக்கம் நகர்த்தியதும் பேஸ் போதுமான அளவு வந்துவிட்டது. சினிமா அதிர்வு வேண்டுமென்றால் அது தேவைதான். பாட்டுக்கு மட்டும் என்றால் அதைக் கடைசியாக, காசு மிஞ்சினால் வாங்குங்கள். நான் இன்னும் வேறு வாங்கவில்லை.

இப்போது இருக்கும் செட்டின் கணக்கு: ஸ்பீக்கர் 9,500, ஆம்ப்ளிஃபயர் 5,200, டிஏசி 900, ஒயர் 600, கல் 100, மாற்று அடாப்டர் 1,100. மொத்தம் 17,400. புது ஸ்பீக்கர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. பெரிய கூடத்தில் ஐம்பது பேருக்குக் கேட்க வேண்டும் என்றாலும் இது பற்றாது. ஓர் அறை, இரண்டு மூன்று பேர், கேட்கவேண்டும் என்ற ஆசை, இதற்கு நிறைவாக இருக்கிறது.

இந்த ஆடியில் ஊர்க் கொடைக்குப் போனபோது, நண்பரிடம் ஒரு சின்ன ஸ்டீரியோ ரெக்கார்டர் வாங்கிப்போய் வில்லுப்பாட்டைப் பதிவு செய்தேன். குழாய் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம், பந்தலுக்குள் தரையில் உட்கார்ந்து. வீட்டில் போட்டுக் கேட்டோம். வில்லின் மணிகள் நடுவில், உடுக்கை வலதில், குடம் இடதில் ஸ்பீக்கருக்கும் ஓரடி தள்ளி. குடத்தின் வாயில் அடி விழும்போது உள்ளே காற்று புரண்டு 'கும்' என்று வருமே, அது அப்படியே வந்தது. அம்மா இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் சுவரும் காலண்டரும்தான் இருக்கின்றன.